டிரெய்லர் அண்ணனுக்கு ஒரு சைலன்சர்

அவரால் மெதுவாகப் பேச முடியாது. எங்கள் தொழிற்சாலையில் அவரைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் தெரியவரும் விஷயம் இதுதான். கேன்டீனில் பக்கத்து ஆளிடம் அவர் சர்க்கரை கேட்டால் சமையற்கட்டிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். ஒரு கல்யாண விருந்தில் அவர் என் அருகில் உட்கார்ந்து, ரகசியம் சொல்கிற பாவனையில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பிரியாணியில் கறி வேகவில்லை, பார்த்துச் சாப்பிடுங்கள் என்றார். கல்யாணப் பெண்ணின் தகப்பனார் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து எங்களை நோக்கி வந்துவிட்டார். இவர் கொஞ்சமும் அசராமல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, சாப்பாடு பிரமாதம் என்று அதே சத்தத்தில் சொன்னார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பெண்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். தமிழர், தெலுங்கர், உருது பேசுகிறவர் எல்லோருக்கும் அவர் டிரெய்லர் அண்ணன். இது அவரைப் பற்றியது மட்டும் அல்ல. அவருக்கு நான் செய்ததைப் பற்றியதும்தான். இப்போது செகந்திராபாத் அல்வாலில் என் வீட்டு வழியாக ஏதாவது பழைய லாரி கியர் மாற்றிக்கொண்டு போனால், கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன்.

பாலாநகர் பக்கம் ஓர் அரசுத் தொழிற்சாலை. பெரிய பெரிய மின் இயந்திரங்களைச் செய்து தூர ஊர்களுக்கு அனுப்புவோம். அறுபதுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையிலிருந்து அதன் போக்குவரத்துப் பிரிவுக்கு உதவி எஞ்சினியராக வந்து சேர்ந்தேன். எங்களிடம் லாரிகள் பல இருந்தாலும் உண்மையான கனத்தை இழுக்க ஒரே வண்டிதான். யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய அமெரிக்க வண்டி. நீண்ட மூக்கும் இடது பக்கம் ஸ்டீயரிங்குமாக முன்னால் இழுக்கிற வண்டி. அதன் முதுகில் கோத்துவிடுகிற டிரெய்லர். பம்பாய் துறைமுகத்திலிருந்து மலைப்பாதை ஏறி இறங்கி, சோலாப்பூர் வழியாக அவர் கொண்டுவந்து சேர்த்த இயந்திரங்களின் மேல்தான் எங்கள் தொழிற்சாலையே நின்றது. அதை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை. "இந்த வண்டி மேல ஒரு கீறல் காட்டுங்க சார், இன்னிக்கே சாவியைக் குடுத்துட்டுப் போறேன்" என்பார். கீறல் இருக்கத்தான் செய்தது. அதெல்லாம் ராணுவம் போட்டது என்பார்.

அந்த வண்டியின் கியர்பெட்டி பழங்காலத்தது. கிளச்சை ஒருமுறை மிதித்துக் கியரைக் கழற்றி, இஞ்சின் வேகம் மாறும்வரை பொறுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். எவ்வளவு பொறுப்பது என்று காட்ட ஒரு மீட்டரும் கிடையாது. இஞ்சின் சத்தத்தை வைத்துத்தான். ஒரு மூச்சு முந்தினாலும் பிந்தினாலும் பற்கள் உரசும். கேட்கிறவனுக்கு உடம்பு கூசும். வேறு டிரைவர்கள் ஓட்டிப் பார்த்து அப்படி உரசும்போது அவர் ஓரமாக நின்று, தன் பிள்ளையை யாரோ அடிப்பதைப் பார்ப்பது போல முகத்தைச் சுளிப்பார்.

நான் சேர்ந்த மறு வருடம் வண்டியின் சைலன்சர் வெடித்தது. இஞ்சினிலிருந்து வருகிற புகைக்குழாய் கேபினுக்குப் பின்னால், டிரைவர் பக்கமாகவே மேலே ஏறும். சைலன்சர் அவருடைய இடது காதுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. இந்த ஊர் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு ஓட்டவும் முடியாது. அவர் என் மேசைக்கு வந்தார்.

"சார், வண்டி என் காதுக்குள்ளயே ஓடுது. ஏதாச்சும் பண்ணுங்க."

செய்கிறேன் என்றேன். அந்த வண்டியைச் செய்த கம்பெனி அந்த மாதிரியை எப்போதோ நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி வாங்குவதற்குள் வண்டியே மண்ணாகிவிடும். அப்போதைக்கு வெடித்த இடத்தில் கல்நார்க் கயிறு சுற்றி மேலே தகரம் போட்டுக் கட்டச் சொன்னேன். அடுத்த பயணத்தில் அது பிய்த்துக்கொண்டு போயிற்று. மறுபடி கட்டினோம். மறுபடி போயிற்று. அவர் இரண்டாவது தடவை வந்து கேட்டார். பிறகு வழியில் பார்க்கும்போது வேடிக்கையாகக் கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தொல்லை தானாகவே தீர்ந்துபோனதில் எனக்கு நிம்மதிகூட இருந்தது. அப்படியே வருடங்கள் போயின.

நாங்கள் இருவரும் செகந்திராபாத்தில் ஒரே தமிழ்ச் சபைக்குப் போகிறவர்கள். ஞாயிறு ஆராதனையில் அவர் பாடினால் ஆர்மோனியம் கேட்காது. பாட்டு முடிந்த பிறகும் அவர் ஒரு அடி கூடுதலாகப் பாடிக்கொண்டிருப்பார். பெண்கள் பக்கத்து முதல் வரிசையில் உட்காராமல் அவருடைய மனைவி மட்டும் நடைபாதை ஓரமாக, கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்காருவார். பாட்டு முடிந்ததும் கையை நீட்டி அவர் முழங்கையைத் தொடுவார். உடனே அவர் நிறுத்திவிடுவார். வாலிபர்கள் குனிந்து சிரிப்பார்கள். போதகரே ஒருமுறை, நம்முடைய சகோதரர் பாடினால் பரலோகத்தில் எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள் என்று சொல்ல, சபை முழுவதும் சிரித்தது. அவரும் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு திருமுல்கேரியில் அவர் வீட்டில் சாப்பிட்டேன். ஆற்காட்டிலிருந்து பட்டாளத்தோடு வந்த அப்பாவுக்கு அங்கே பிறந்தவர் அவர். பெண்கள் இரண்டு பேரும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் அவரிடம் ஏதாவது சொல்வார்கள். அவர் மனைவியைப் பார்ப்பார். அந்த அம்மா அவருக்கு நேராகத் திரும்பி அதையே தமிழில் சொல்வார். திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தெலுங்கு எதற்கு மொழிபெயர்க்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. சைக்கிள்காரர்களை அவர் தெலுங்கில் திட்டுவதைத் தினமும் கேட்கிறவன் நான்.

கடைசியில் சைலன்சருக்கு வேளை வந்தது அவர் கேட்டதால் அல்ல. கண்டோன்மெண்ட் பகுதியில் எங்கள் பாதையை ஒட்டி ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. நோயாளிகள் தூக்கிவாரிப்போட்டு எழுந்துகொள்கிறார்கள் என்று அங்கிருந்து புகார் வந்தது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த லோடு கிளம்புவதற்குள் அந்த வண்டி வாயை மூட வேண்டும் என்றார்.

இந்த முறை நான் மனதைச் செலுத்தி வேலை செய்தேன். ராணிகஞ்ச் உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லோரும் பஸ் சைலன்சரைத்தான் எடுத்து நீட்டினார்கள். அதன் வாய் சிறியது. அவ்வளவு பெரிய இஞ்சின் விடுகிற புகை அதில் தேங்கி நின்றால் மேட்டில் வண்டிக்கு மூச்சு முட்டும். லாரி சைலன்சர் இரண்டை ஒட்டவைக்கலாம் என்றார் ஒருவர். நடுவில் பற்றவைத்த இடம் அதிர்வில் விட்டுப்போகும். கடைசியில் ராணுவக் கழிவு சாமான்கள் விற்கிற ஒரு கிடங்கில், பெரிய ஜெனரேட்டருக்காகச் செய்த சைலன்சர் ஒன்று கிரீஸ் காகிதம்கூடப் பிரிக்காமல் கிடந்தது. நான் அளவு கொண்டுபோயிருந்த குழாயை அதன் வாயில் வைத்துப் பார்த்தேன். மோதிரம் போல் பொருந்தியது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. பழைய இஞ்சின் ஆட்டத்தில் குழாய் விரிசல் விடாமலிருக்க நடுவில் வளைந்துகொடுக்கும் எஃகுக் குழாய் ஒரு துண்டு, இஞ்சின் வாயில் புது கேஸ்கெட், சைலன்சரைத் தாங்க கேபினுக்குப் பின்னால் ஒரு சட்டம், அதிர்வு ஏறாமலிருக்கச் சட்டத்துக்கு அடியில் கனத்த ரப்பர் என்று ஒவ்வொன்றையும் நானே தேர்ந்தெடுத்தேன்.

சைலன்சர் பட்டறைத் தரையில் கிடந்தபோது அவர் வந்து சுற்றிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார்.

"நக்கோ சார், வேணாம். அந்தச் சத்தம் இருந்துட்டுப் போவுது."

"என்ன அண்ணே, நீங்கதானே வேணும்னு அலைஞ்சீங்க?"

"அது அப்போ சார்."

பிறகு காரணங்களாக அடுக்கினார். இஞ்சின் சூடாகும் என்றார். ஆகாது, வாய் அளவு சரியாக இருக்கிறது என்றேன். இழுவை குறையும் என்றார். அதற்கும் கணக்குச் சொன்னேன். சத்தம் இல்லாவிட்டால் சைக்கிள்காரன் வழிவிட மாட்டான் என்றார். ஹாரன் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது, நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக அவர், "அப்போ ஒரு ஓட்டையாச்சும் போட்டு வையுங்க சார்" என்றார். எங்கள் ஃபிட்டர், பழைய நகரத்துக்காரர், கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சத்தமாக வலம் வருவதில் மனிதருக்கு ஒரு பெருமை, அது போகிறதே என்ற கவலை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பழைய போல்ட்டுகள் துருவேறி அசையவில்லை. காஸ் வைத்து அறுத்து எடுத்தோம். பொருத்தி முடித்து கிளாம்புகளை இறுக்கி, ஃபிட்டர் இஞ்சினைப் போட்டுக் காட்டினார். குழாய் இணைப்புகளில் கையை வைத்துப் பார்த்தேன். எங்கும் புகை கசியவில்லை. பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேச முடிந்தது. அந்த வண்டிப் பக்கத்தில் நின்று யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை.

சோதனை ஓட்டத்துக்கு மானேஜர் வந்து நின்றார். டிரெய்லரைக் காலியாகக் கோத்திருந்தோம். நான் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் ஏறிக்கொண்டேன். அவர் ஸ்டார்ட்டரை அழுத்தினார். இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டு அழகாக முனகியது. அவர் கையை எடுத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடியும் ஸ்டார்ட்டரை அழுத்தினார். ஓடுகிற இஞ்சினில் ஸ்டார்ட்டர் பல் மோதி, தகரத்தைக் கிழிப்பது போல் ஒரு சத்தம். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். டிரெய்லர் அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். பல வருடங்களில் முதல் முறையாக அவர் மெதுவாகப் பேசினார்.

"சார், இஞ்சின் ஓடுதா?"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இறங்கிவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். இஞ்சினில் ஏதோ கோளாறு, நாளைக்குப் பார்க்கலாம் என்று மானேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கீழே மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓடுகிறது என்று தலையை ஆட்டினேன்.

முதல் கியரில் வண்டி கிளம்பியது. எங்கள் வாசலுக்கு ஏறுமுகமாக ஒரு சரிவு உண்டு. அதில் அவர் இரண்டாவது கியருக்கு மாற்றப் பார்த்தார். உரசியது. கழற்றி மறுபடி போட்டார். மறுபடி உரசியது. ஸீட்டை அழுத்திக்கொண்டு, தரையை ஷூவால் தேய்த்துக்கொண்டு, எங்கிருந்தாவது அந்த அதிர்வு வருமா என்று உடம்பால் தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. ரப்பர் வைத்து அதையெல்லாம் நான் அடைத்திருந்தேன். மூன்றாவது முறை ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. வண்டி கியரில்லாமல் பின்னால் உருண்டது. அவர் பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் டிரெய்லரின் பின்பக்கம் மடங்கி வாசல் தூணில் இடித்தது. ஆளுக்குச் சேதம் இல்லை. தூண் சாய்ந்தது. கியர்பெட்டியில் பல் உடைந்திருந்தது.

மானேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டிரெய்லர் அண்ணன் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிக் கோளாறா, டிரைவர் கோளாறா என்று மானேஜர் கேட்டார். அந்த மனிதருக்குக் காது கேட்கவில்லை என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி எப்போதிலிருந்து என்பது. அதற்கு அடுத்தது எதனால் என்பது. கிழிந்த சைலன்சரோடு இத்தனை வருடம் அந்த வண்டியை ஓடவிட்டது யார் என்று கேட்டால், அந்த அறையில் நான் ஒருவன்தான் பதில் சொல்ல வேண்டியவன்.

"டிரைவருடைய கவனக்குறைவு சார்" என்றேன்.

அவருடைய ரகசியத்தைக் காப்பாற்றினேன், காது போனது தெரிந்தால் வேலையே போயிருக்கும் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். காது கேட்காதவர் அவ்வளவு கனத்தோடு ஊருக்குள் ஓட்டுவது ஆபத்து, எப்படியும் நிறுத்த வேண்டியதுதான் என்றும் சொல்லிக்கொண்டேன். அது நியாயம்தான். ஆனால் நான் அன்று அதற்காகப் பொய் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன். அவரை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்த விதம்தான் தாங்க முடியாதது. ஒரு கீறல் காட்டுங்கள் என்றவரிடம் கேன்டீனில் தூணைக் காட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவருடைய மனைவி என்னை நிறுத்தினார். அண்ணன் சைக்கிள் எடுக்கப் போயிருந்தார்.

"நல்லதுக்குத்தான் புதுசு போட்டீங்க தம்பி. போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா அக்கா?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்" என்றார். பிறகு, "கல்யாணம் ஆன புதுசுல இவர் பேசறது எனக்கே கேக்காது. இன்னா சொன்னீங்கன்னு ரெண்டு தடவை கேக்கணும். நீங்க இந்த ஊருக்கு வந்தப்போகூட இப்படி இல்ல. யோசிச்சுப் பாருங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சைலன்சர் கேட்டு முதல் தடவை என் மேசைக்கு வந்த அன்று, அவர் சொல்வது காதில் விழாமல் நான் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் அவருடைய குணம் என்று வைத்துச் சிரித்தது எதுவும் அவருடைய குணம் இல்லை. தன் குரல் தனக்கே எட்டாததால் அவர் உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார்; மற்றவர்கள் பேச்சை உதட்டசைவில் படித்திருக்கிறார்.

ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பெரிய லோடு ஊருக்குள் குறுகலான இடங்களைக் கடக்கும்போது சிவப்புக் கொடியோடு ஒருவர் முன்னால் நடந்து வழிவிலக்க வேண்டும் என்பது விதி. அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். வண்டியோடாவது இருக்கட்டும் என்பது என் எண்ணம். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. வண்டியோடயா சார், வண்டியோடயா என்று இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். எனக்கும் மனசு லேசானது. சத்தமில்லாத ஒரு வண்டிக்கு முன்னால் காது கேட்காத ஒருவரை முதுகு காட்டி நடக்கவிடுகிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கியர்பெட்டி சரியாகி வந்ததும் முதல் லோடு கிளம்பியது. புது டிரைவர் இளைஞன். திருமுல்கேரிக் கடைத்தெருவை உச்சி வெயிலில் கடந்தோம். நான் முன்னால் ஜீப்பில் இருந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது அவர் நடுத்தெருவில் கொடியோடு வந்துகொண்டிருந்தார். ரிக்‌ஷாக்காரர்களை அதே பழைய சத்தத்தில் விரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவரை விழுங்கிவிடுகிற மாதிரி, ஓசையே இல்லாமல் அந்த நீண்ட மூக்கு. ஷூ இரண்டையும் கயிற்றால் முடிந்து கழுத்தில் போட்டிருந்தார். தார் இளகிக் கிடக்கிற ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார்.

ஜீப்பை நிறுத்தி இறங்கிப் போனேன். ஷூவைக் காட்டி, ரோட்டைக் காட்டி, போட்டுக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"பூட்ஸ் போட்டா வண்டி எங்க வருதுன்னு தெரியல சார். இப்படின்னா கால்ல தெரியுது."

நான் பக்கத்தில் நடந்தபடி அவர் பாதத்தையே பார்த்தேன். அவர் கொஞ்ச தூரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே, கடைத்தெரு முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பையன் ரெண்டாவதுலயே போட்டு இழுக்கிறான் சார். மூணு போடச் சொல்லுங்க. இஞ்சின் பாவம்."

அது அவர் காலுக்குத் தெரிந்ததா, வழக்கமான அவருடைய பெருமையா என்று எனக்குத் தெரியாது. நான் போய் அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் கியரை மாற்றினான். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் அதை உணர்ந்தாரோ என்னவோ, நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.

அந்தத் தெருக்கோடி வரை நான் அவரோடு நடந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வெயில் தாங்க முடியவில்லை. நான் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.